சுந்தரலிங்கத்தின் வானுக்கு நாலு முக்காலி

5.2.2006 ஞாயிறு

சுந்தரலிங்கம் வந்தான். போன மாதம் வந்ததுபோலவே கேற்றுக்கு வெளியே வானை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஒரு பை மரக்கறியைக் கேற்றுக்கு மேலாக நீட்டினான். வாங்கிக்கொண்டேன். "சாப்பிட்டியா?" என்றேன். "ஆச்சும்மா" என்றான். இரண்டு வருஷமாகத் தாய்க்கும் மகனுக்கும் பேச்சு இவ்வளவுதான்.

வானை எடுக்கும்போது அடியில் ஏதோ தட்டியது. இறங்கினான். ஜெக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினான். வடிகான் ஓரத்தில் கிடந்த கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தான். அடியில் புகுந்துவிட்டான். இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

"வெளிய வாடா" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்மா. சைலன்சர் கிளிப் கழண்டிருக்கு."

சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னால் அதைப் பார்க்க முடியாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டான். அவனுடைய அப்பா போனபோது அவனுக்குப் பத்து வயது.

6.2.2006

கல் இன்னும் வாசலில்தான் கிடந்தது. தூக்கிக் கானுக்குள் போட்டேன்.

9.2.2006

இந்தக் கொப்பியில் அரிசி, தேங்காய், வயிற்றுவலி என்றுதான் எழுதுவேன். இன்று அதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, கொப்பியிடமாவது சொல்லிவைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பொன்னையா எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினார். 1978 ஒக்டோபர். ஏற்றத்தில் லொறி நின்றது. ஜெக்கை வைத்து, பக்கத்தில் ஒரு கல்லும் வைத்து, அடியில் போனார். மழை பெய்து மண் இளகிக் கிடந்தது. ஜெக் சாய்ந்தது. கல் உருண்டது. நான் பிள்ளைக் காம்பராவில் யாருடைய கைக்குழந்தையையோ தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக்குப் போன பெண்களின் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா வேலை எனக்கு. ஆள் வந்து சொன்னதும் அந்தக் குழந்தையை இறக்கிவைக்காமலே ஓடியிருக்கிறேன். அதன் தாய் பிறகு வந்து என்னைத் திட்டினாள். தோட்டத்துத் துரை வந்து பார்த்துவிட்டு, "கல்லு வச்சிருக்கானே" என்றார்.

இன்று டயர் கடையில் கேட்டேன். அந்த ஆள் சொல்கிறான், ஜெக் தூக்குவதற்குத்தானாம். தாங்குவதற்கு ஸ்டாண்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். மூன்று கால் வைத்த இரும்பு. முக்காலி மாதிரி. அதை வைத்தால் ஜெக் சாய்ந்தாலும் வண்டி இறங்காதாம்.

அறுபத்திரண்டு வயதில் இதைத் தெரிந்துகொள்கிறேன். 1978-இலும் அப்படி ஒன்று கடையில் இருந்திருக்கும்தானே?

10.2.2006

வாங்கப்போகிறேன். அவனிடம் சொல்லமாட்டேன். சொன்னால் "வேண்டாம்மா, இடமில்லை" என்பான். அவனிடமிருந்து ஒரு "வேண்டாம்" வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

13.2.2006

புஹாரி முதலாளியின் இரும்புக்கடைக்குப் போனேன்.

"ஆச்சிக்கு என்ன வேணும்?"

"நான் ஒங்களுக்கு ஆச்சி இல்லீங்க. ஜெக் ஸ்டாண்ட் காட்டுங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், "ஆச்சி லொறி எடுக்கப் போறாங்க போல" என்றான். "எடுப்பேன். நீங்க றோட்டுல நிக்காதீங்க" என்றேன். அதற்குப் பிறகு புஹாரி முதலாளி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இரண்டு வகை காட்டினார். ஒன்று மடிக்கிற தகரம். கையில் எடுத்தால் சமையல் சாமான் மாதிரி இருக்கிறது. பெட்டியில் இரண்டு தொன் என்று போட்டிருக்கிறதாம். சுந்தரலிங்கத்தின் வானுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் இருக்கின்றன. வெள்ளைக்காரத் தம்பதிகள் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி நாடு சுற்றுவார்கள். இவன் முன் ஸீற்றில் தூங்குவான். எல்லாம் சேர்ந்து இரண்டு தொன் வருமாம்.

"அப்ப இது சரியா வரும்" என்றார் முதலாளி.

"ரெண்டு தொன்னுங்கறது ஒண்ணுக்கா, ஜோடிக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பி, கண்ணாடி போட்டு, சின்ன எழுத்தை வாசித்தார். ஜோடிக்குத்தான். ஒன்று தாங்குவது ஒரு தொன்தான்.

"இது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

தோட்டத்தில் இரண்டு பேர் தூக்கிவரும் சாக்கின் நிறையை ஒருத்தி பேரில் எழுதிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? சொல்லவில்லை. "தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

மற்ற வகை, பல்லுப்பல்லாக ஏறி நிற்கிற தடித்த இரும்பு. சிவப்புப் பெயின்ட். நல்ல சாமான். ஒன்றைத் தூக்கவே எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. நாலையும் வானில் வைத்தால் எண்ணெய் குடிக்கிறது என்று முதல் கிழமையே இறக்கிவைத்துவிடுவான். இறக்கிவைத்தால் திரும்பவும் கல்தான். தாங்கினால் மட்டும் போதாது, கூடப் போகவும் வேண்டும்.

14.2.2006

மரக்காலையில் பலாக்கட்டை கேட்டேன். நாலு கட்டை அறுத்துத் தருகிறார்களாம். வெள்ளைக்காரர் ஒரு நாள் குளிருக்கு எரித்துவிடுவார்கள். வேண்டாம்.

20.2.2006

பக்கத்து வீட்டு றம்லா மதிலுக்கு மேலால் கேட்டாள்: "என்ன மாமி, டவுன்ல எல்லா இரும்புக்கடையும் ஏறி எறங்குறீங்களாம்? எங்க வீட்டுக்காரர் பாத்தாராம். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டப் போறீங்களோ?"

"பேத்திக்குப் பத்து வயசு."

"அப்ப ஊஞ்சலா?"

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். பேத்தியைப் பார்த்து ஐந்து மாதம். இந்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதுகிறாள். நான் படிப்பை நிறுத்திய வகுப்பிலிருந்து அவள் தொடங்கப்போகிறாள். அவளுடைய அம்மா சந்திரகாந்தா சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிறாள். என்னைக் குறை சொல்லமாட்டாள். நான்தான் சொன்னேன். வான் வாங்கின அன்றைக்கு, அவளுடைய ஆட்கள் எல்லாரும் கூடியிருக்க, "குடியிருக்க ஒரு வீடு கட்டத் தெரியல, வண்டிக்குள்ள அடுப்பு வச்சிருக்கான் பாரு" என்று சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னேனா? இல்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் அவன் எஞ்சினை அணைப்பதில்லை.

5.3.2006 ஞாயிறு

வந்தான். கைகழுவ றம்லா வீட்டுப் பைப்புக்குப் போனான். என் வீட்டுப் பைப்பு ஐந்தடி கிட்ட இருக்கிறது. போகட்டும். அதுவே எனக்கு உதவியாகப் போய்விட்டது. விளக்குமாற்றிலிருந்து உருவி வைத்திருந்த இரண்டு ஈர்க்கில் எடுத்துக்கொண்டு போய், ஒன்றால் நிலத்திலிருந்து அச்சு வரைக்கும் அளந்தேன். மற்றதால் வானுக்குள் கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியின் உயரத்தை அளந்தேன். குனிந்து எழும்பியபோது தலைசுற்றியது. அவன் பார்க்கவில்லை.

அச்சுக்கு உள்ள உயரம் பெரியது. பெட்டி சின்னது. அப்படியென்றால் முக்காலி உள்ளே இருக்கும்போது குட்டையாகவும், வெளியே வந்தால் நெட்டையாகவும் இருக்கவேண்டும்.

8.3.2006

பலீல் பாஸின் கராஜுக்குப் போனேன். ஊரில் எல்லாரும் அவனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. வெல்டிங் வேலையில் கைகாரன். ஈர்க்கில் இரண்டையும் மேசையில் வைத்தேன்.

"என்ன அக்கா, கூட்டிப் பெருக்க வந்தீங்களா?"

சொன்னேன். விளையாட்டை விட்டுவிட்டான். ஒரு தடித்த பைப்பை எடுத்து, அதற்குள்ளே போகிற மாதிரி இன்னொரு பைப்பைக் காட்டினான். உள்பைப்பில் வரிசையாக ஓட்டை போட்டு, வேண்டிய உயரத்தில் ஒரு ஆணியைக் குத்தினால் நிற்குமாம். கீழே மூன்று கால், கழற்றி மாட்டலாம். மேலே அச்சு வழுகாமல் உட்கார ஒரு கிண்ணம். கழற்றினால் பெட்டிக்குள் கிடக்கும். கனமும் பாதிதான்.

"ஒண்ணு எவ்வளவு தாங்கும்? ஜோடிக்குச் சொல்லாத."

"ஒண்ணே ரெண்டரை தொன் தாங்கும். ரெண்டு போதும் அக்கா."

"நாலு. அவன் எந்தப் பக்கம் படுப்பான்னு எனக்குத் தெரியுமா?"

மாசிமகத் தேருக்குப் பந்தல்காரர்களின் வேலை நிறைய இருக்கிறதாம். அதற்குப் பிறகு வரச்சொன்னான்.

22.3.2006

நாலும் முடிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். கராஜில் மிஞ்சியிருந்தது அந்த நிறம்தானாம். எனக்கும் பிடித்தது. அவருடைய லொறியும் பச்சை.

ஒரு வானைத் தூக்கி, நாலிலும் நிறுத்தி, ஜெக்கை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தான். "இப்ப அடியில போய்ப் படு" என்றேன்.

"என்ன அக்கா?"

"செஞ்சவன் படுக்கப் பயந்தா என் மகன் எப்படிப் படுப்பான்?"

படுத்தான். நான் வானின் கதவைப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டினேன். உள்ளேயிருந்து "அக்கா, எனக்கு நாலு பிள்ளை" என்றான். ஓர் அங்குலம் அசையவில்லை.

9.4.2006 ஞாயிறு

வருஷப்பிறப்புக்குச் சீலை கொண்டுவந்தான். மாம்பழ நிறம். சந்திரகாந்தா எடுத்ததாம். அம்மன் கோவிலுக்குப் போய் அருச்சனை செய்துகொண்டு வரச்சொல்லி அவனை அனுப்பினேன். வான் இங்கேதான் நின்றது; கோவிலுக்குப் போகிற அந்த நேரத்துக்கு மட்டும் எஞ்சினை அணைத்திருந்தான். முக்காலிகளைப் பழைய சீலையில் ஒவ்வொன்றாகச் சுற்றி, கட்டிலுக்குக் கீழே பெட்டியில், மெத்தை உறைகளுக்கு அடியில் வைத்தேன். ஈர்க்கில் பொய் சொல்லவில்லை. மூடி சரியாக மூடியது.

அவனாகக் கண்டுபிடிக்கட்டும். கண்டால் இந்தக் கிழவி வேலைதான் என்று தெரியும். கேட்பான். கேட்டால் சொல்வேன். எல்லாவற்றையும் சொல்வேன், வீடு கட்டத் தெரியாதவன் என்று சொன்னது பிழை என்பதையும்.

14.4.2006

வருஷப்பிறப்பு. பால் பொங்கவைத்தேன். ஒரு சுண்டுப் பச்சரிசி ஓர் ஆளுக்கு அதிகம். றம்லா வீட்டுக்குக் கொடுத்தேன்.

30.4.2006

இன்னும் கேட்கவில்லை.

7.5.2006 ஞாயிறு

வந்தான். மரக்கறி. நான் வானின் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னம்மா பாக்குறீங்க?" என்றான். "ஒண்ணுமில்ல." பெட்டியைத் திறந்தானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவன்தான் கேட்கவேண்டும்.

4.6.2006 ஞாயிறு

வரவில்லை.

16.6.2006

வடக்கே ஒரு பஸ்ஸில் கண்ணிவெடி. நிறையச் சனம். ரேடியோவை நிறுத்திவிட்டேன். றோட்டில் திரும்பவும் மணல்மூட்டை அடுக்குகிறார்கள். தமிழ்ப் பேர் இருந்தால் இறங்கி நடக்கவேண்டும் என்று றம்லாவின் வீட்டுக்காரர் சொன்னார்.

27.6.2006

றம்லா வீட்டுப் போனில் சந்திரகாந்தா. அழுதுகொண்டு பேசினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை.

நேற்று மத்தியானம் சீகிரியா றோட்டு செக் பொயிண்டில் வானை மறித்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளைக்காரரையும் இறக்கிவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். கட்டிலுக்குக் கீழே பெட்டி. பெட்டிக்குள்ளே சீலையில் சுற்றிய பச்சைப் பைப்பு நாலு. ஓட்டை போட்ட பைப்பு. ஒன்றுக்குள் ஒன்று போகிற பைப்பு. "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் "தெரியாது" என்றிருக்கிறான்.

தெரியாது என்றுதானே சொல்வான். எப்படித் தெரியும் அவனுக்கு. உன் வானுக்குள்ளே, உன் கட்டிலுக்குக் கீழே, யார் வைத்தது என்று தெரியாதா என்று அடித்தால் அவன் என்ன சொல்வான்?

ஷெல் அடிக்கிற குழாய் என்று நினைத்துவிட்டார்களாம்.

நான்தான். நான்தான் செய்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை—

28.6.2006

அவனைப் பிடித்து வைத்திருக்கிற பொலிஸுக்கு முதல் பஸ்ஸில் போனேன். வழியில் பலீல் பாஸின் கராஜைப் பார்த்தேன். பலகை போட்டுப் பூட்டியிருந்தது. வேலைநாளில் பூட்டு. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. கோபமில்லை.

பொலிஸில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நான்தான் அதை வைத்தேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். வாசலில் நின்றவன் உள்ளே திரும்பி, "இங்கே ஓர் அம்மா குண்டு வைத்தாளாம்" என்று சொல்லிச் சிரித்தான். மாலை வரைக்கும் அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பார்சலை வாங்கினார்கள். அவனுக்குக் கொடுத்தார்களோ தெரியாது. சந்திரகாந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள். நான் அவளிடம் சொன்னேன், வைத்தது நான் என்று. கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

29.6.2006

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் திரும்பவும் போனேன். பத்து மணி இருக்கும். பொலிஸ் வளவில் அவர்களுடைய ஜீப் ஒன்றைத் தூக்கி வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜெக், பக்கத்தில் ஒரு கல். கல்லுக்கு மேலே ஒரு பலகைத் துண்டு. அடியிலிருந்து சப்பாத்துப் போட்ட இரண்டு கால்.

எனக்கு வேறு ஒன்றும் நினைவில்லை. எதற்கு வந்தேன் என்பதும் இல்லை. வாசல்காரனைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். "புத்தா, மகனே, வெளியே வா, வெளியே வா" என்று சிங்களத்தில் கத்தினேனாம். அந்தப் பொலிஸ்காரன் பயந்து உருண்டு வெளியே வந்தான். சின்னப்பிள்ளை முகம், கன்னத்தில் கிறீஸ். இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள். நான் விடவில்லை. "கல்ல வச்சுட்டு எவன்டா ஒன்ன உள்ள போகச் சொன்னது? ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" தமிழில் திட்டினேன், சிங்களத்தில் திட்டினேன், இரண்டும் கலந்து திட்டினேன்.

சத்தத்துக்கு, பொலிஸுக்குப் பொறுப்பான ஓ.ஐ.சி. மாத்தயா வெளியே வந்தார். "என்ன இது?" என்று கேட்டார்.

அப்போதுதான் மூச்சு வந்தது. சொன்னேன். எல்கடுவையைச் சொன்னேன், ஜெக்கைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். "உங்கள் மேசையில் கிடக்கும் பச்சைப் பைப்பை எடுத்துவரச் சொல்லுங்கள், அது எதற்கு என்று காட்டுகிறேன்" என்றேன். அவர் என்னையும் ஜீப்புக்கு அடியில் இருந்த கல்லையும் பார்த்தார். பிறகு ஒருவனுக்குத் தலையாட்டினார்.

நாலையும் கொண்டுவந்து நிலத்தில் போட்டார்கள். நான் உட்கார்ந்து காலை மாட்டினேன். இரண்டு முறை பிழையாக மாட்டித் திரும்பக் கழற்றினேன். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. உள்பைப்பை இழுத்து ஆணியைக் குத்தி, ஜீப்பின் அச்சுக்குக் கீழே ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று வைக்கச் சொன்னேன். "இப்போது ஜெக்கை இறக்கு." இறக்கினான். ஜீப் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்தது. கல்லைக் காலால் தள்ளினேன். வானை ஆட்டிய மாதிரி ஜீப்பையும் ஆட்டினேன்.

ஓ.ஐ.சி. குனிந்து பார்த்தார். "யார் செய்தது?"

"நான் சொன்னேன். நான் வாங்கினேன். நான் வைத்தேன்."

"மகனிடம் ஏன் சொல்லவில்லை?"

நான் கல்லைத் தூக்கி மதில் ஓரக் கானுக்குள் போட்டேன். 

30.6.2006

மத்தியானம் அவனை விட்டார்கள். நான் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். வானையும் கொடுத்தார்கள். முக்காலியில் இரண்டைத்தான் கொடுத்தார்கள். மற்ற இரண்டும் ஜீப்பின் அடியிலேயே இருந்தன. நானும் கேட்கவில்லை.

அவனுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. வெள்ளைக்காரர் அன்றைக்கே வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்களாம். சந்திரகாந்தாவைச் சீகிரியாவில் இறக்கிவிட்டு என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாதி வழி, நாலந்தா தாண்டியாயிற்று. பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"சொல்லியிருக்கலாம்தானேம்மா."

"நீ கேட்டிருக்கலாம்தானே."

வாயிலிருந்து அதுதான் வந்தது. நாலு நாள் அடி வாங்கிய பிள்ளையிடம்.  கேற்றில் இறக்கிவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

1.7.2006

நீ கேட்டிருக்கலாம்தானே. என்ன பேச்சு அது. கிழவி, உனக்கு என்ன பேச்சு அது.

23.7.2006

வரவில்லை. போனும் இல்லை. கன்னம் வற்றியிருக்கும்.

8.8.2006

இன்று கராஜ் திறந்திருந்தது. பலீல் பாஸ் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். "அக்கா, என் பேரைச் சொல்லலையாமே" என்றான். "சொல்ல மறந்துட்டேன்" என்றேன். தேத்தண்ணி வரவழைத்தான். இரண்டு பேரும் குடித்தோம்.

20.8.2006 ஞாயிறு

வானின் சத்தம் கேட்டது. வெளியே போனேன். சத்தம் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். கேற்றைத் திறந்து உள்ளே வந்தான். என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தான். ஓடிப்போய்த் தேத்தண்ணி போட்டேன், சீனி இரண்டு தரம் போட்டுவிட்டேன். குடித்தான்.

கட்டார் நாட்டுக்குப் போகிறானாம். பெரிய வீடு ஒன்றில் சாரதி வேலை. இரண்டு வருஷம். இங்கே இனி வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், வந்தாலும் ஒருமுறை பொலிஸில் அடைபட்டிருந்த சாரதியைச் சுற்றுலாக் கொம்பனி கூப்பிடாது. சந்திரகாந்தாவும் பேத்தியும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். வானை றோட்டில் விட்டால் யாருடையது என்று கேள்வி வரும்.

"இங்க விடலாமாம்மா?"

"எடம் இருக்கு."

"டயர்ல நிக்கவிட்டா ரெண்டு வருஷத்துல டயர் போயிடும். தூக்கி வைக்கணும். நீங்க செஞ்சதுல ரெண்டு இருக்கு. இன்னும் ரெண்டு வேணும்." கோப்பையைக் கீழே வைத்தான். "நாளைக்கு வாங்க, நீங்களே பாத்து எடுங்க. எனக்கு அது விளங்காது."

எனக்கு அது விளங்காது என்று என் மகன் சொன்னான். அதைத்தான் கேட்கவேண்டும் என்று இருந்தேனா? கட்டாருக்குப் போகிற நேரத்தில்?

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். வான் வாங்கின அன்றைக்குச் சொன்னது பிழை என்று. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றான். கோபமாக இல்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடமும் வைக்கவில்லை.

21.8.2006

புஹாரி முதலாளி கடை. "அம்மா வாங்க" என்று ஸ்டூலைப் போட்டார். சுந்தரலிங்கம் மடிக்கிற தகரத்தை எடுத்துப் பார்த்தான். "அது ஜோடிக்கு" என்றார் முதலாளி என்னை முந்திக்கொண்டு.

சிவப்பு இரும்பையே எடுத்தேன். கனமானதை. இனி அதை யாரும் சுமந்துகொண்டு போகப்போவதில்லை.

10.9.2006 ஞாயிறு

வானை வளவுக்குள் கொண்டுவந்து தூக்கினான். முன்னுக்குப் பச்சை இரண்டு, பின்னுக்குச் சிவப்பு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பலகை. ஜெக்கை எடுத்துவிட்டு, நான் சொல்லாமலே கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அடியில் போனான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கேட்ட ஸ்பானர் சாவிகளை எடுத்துக் கொடுத்தேன். பதினாலு, பதினேழு, திரும்பப் பதினாலு. ஒரு மணித்தியாலம் என் மகன் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயர்களைக் கழற்றிப் பின் அறையில் அடுக்கினான். அறை முழுக்க றப்பர் வாசனை.

17.9.2006

போய்விட்டான். எனக்கு ஒரு கைப்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பச்சைப் பொத்தானை அமர்த்தவேண்டும்.

29.9.2006 வெள்ளி

அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவாம். போன் எடுத்தான். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன். நீ?" "நல்லா இருக்கேன்." "சாப்பாடு?" "குடுக்குறாங்க." "வெயிலா?" "வெயில்தான்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

13.10.2006 வெள்ளி

எடுத்தான். அதே பேச்சு.

பேத்தி பாஸ். நூற்று நாற்பத்தொன்பது புள்ளி. றம்லா வீட்டுக்கும் கராஜுக்கும் புஹாரி முதலாளி கடைக்கும் நானே போய்ச் சொன்னேன்.

27.10.2006 வெள்ளி

நாலு நாளாக மழை. போன் எடுத்தவன் திடீரென்று கேட்டான்: "அங்க மழையா? ஸ்டாண்ட் எறங்கியிருக்கா பாருங்கம்மா." போனைப் பிடித்துக்கொண்டே குடையோடு போனேன். பின்பக்கச் சிவப்பு ஒன்று, பலகையோடு சேர்ந்து இரண்டு விரல் இறங்கியிருந்தது. சொன்னேன். "எந்தப் பக்கம்? பலகை சாஞ்சிருக்கா? தண்ணி எங்கிருந்து வருது? கானை வெட்டிவிடணும். பலீல் பாஸைக் கூப்பிடுங்க, நீங்க தொடாதீங்க." விடாமல் கேட்டான். அவனுடைய அப்பா மாதிரியே ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். இவ்வளவு நேரம் அவன் என்னிடம் எப்போது பேசினான்? வான் வாங்குவதற்கு முன்னாலும் இல்லை.

பலீல் பாஸ் வந்து பலகையை மாற்றினான்.

24.11.2006 வெள்ளி

மழை. பச்சை இரண்டும் சரி. இடது சிவப்பு அரை விரல். சொன்னேன். நல்லாப் பேசினான். அங்கே ஒரு பாகிஸ்தான்காரன் அவனுக்குச் சப்பாத்தி சுடப் பழக்குகிறானாம்.

15.12.2006 வெள்ளி

மழை. ஒரு விரல். பேசினோம்.

26.1.2007 வெள்ளி

மழை விட்டுவிட்டது. "ஸ்டாண்ட்?" "சரியா இருக்கு." "சரி. நல்லா இருங்க." வைத்துவிட்டான்.

2.2.2007 வெள்ளி

"ஸ்டாண்ட்?" "சரியா இருக்கு."

9.2.2007 வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தேன். மண் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. நாலும் பாறையில் வைத்த மாதிரி நிற்கின்றன. விரலை வைத்து அளந்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

மத்தியானம் எடுத்தான். பின்பக்கத்தில் ஒன்று கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். இருபது நிமிஷம் பேசினான்.